ஏரம்பர் மிச்சம் பிடித்த எண்ணெய்

உரும்பிராயில் “ஏரம்பு வீடு எது?” என்று கேட்டால், “எந்த ஏரம்பு?” என்று திருப்பிக் கேட்பார்கள். “எண்ணெய் குடிக்காத கார் வைத்திருக்கிறாரே, அவர்” என்றால் போதும். சைக்கிளில் போகிற ஆளும் இறங்கி வந்து படலையைக் காட்டிவிட்டுத்தான் போவார். ஒரு கார்க்காரனுக்கு அந்த நாளில் இதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. அந்தப் பட்டத்தை ஏரம்பர் சும்மா வாங்கவில்லை. பட்டமும் அவரைச் சும்மா விடவில்லை.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்குப் பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது நின்றுபோனது. சனம் அதற்காக வீட்டுக்குள் குந்திக்கொண்டு இருந்துவிடுமா? பழைய ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் கார்களும் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விசிறி இஞ்சினை உசுப்பிவிட்டு, அது பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட்டால் கார் இருமி இருமி ஓடும். கல்யாணப் பெண்ணும் அந்தப் புகையோடுதான் கோயிலுக்குப் போனாள், பிள்ளைப்பேற்றுக்காரியும் அந்தப் புகையோடுதான் ஆசுப்பத்திரிக்குப் போனாள்.

மண்ணெண்ணெயும் லேசில் கிடைக்கிற சாமானில்லை. சங்கக் கடையில் கூப்பனுக்கு அளந்து கொடுப்பார்கள், அதுவும் வந்தால்தான். அதனால் ஊரில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. காரை வாடகைக்குப் பிடிக்கிறவர் எண்ணெய்ப் போத்தலைத் தன் கையிலேயே கொண்டுவர வேண்டும். காரின் முன்பக்கத்தில் பொருத்தியிருக்கிற சின்னத் தகரத்துக்குள் அவரே ஊற்றுவார். திரும்பி வந்ததும் குழாயைக் கழற்றி, மிச்சத்தை அவரே வடித்து எடுத்துக்கொண்டு போவார். தட்டார் தாலிக்குப் பொன் உருக்குகிறபோதுகூட எங்கள் சனம் இவ்வளவு உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றதில்லை.

மற்றக் கார்களுக்கு இரண்டு போத்தல் போகிற ஓட்டத்துக்கு ஏரம்பரின் ஒஸ்ரினுக்கு ஒன்று போதும். அதிலும் அடியில் கொஞ்சம் கிடக்கும். அது எப்படி என்று கேட்டால் காதைச் சொறிந்துகொண்டு சிரிப்பார். பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்கு முன்னர் அவர் கண்டிக்கு வெங்காய லொறி ஓட்டியவர். மாத்தளைப் பக்கத்து இறக்கங்களில் இஞ்சினை நிறுத்திவிட்டு லொறியைத் தன் பாட்டில் உருளவிடப் பழகியிருந்தார். கலவரத்தில் லொறி எரிந்துபோக, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊருக்கு வந்தவருக்குக் கையோடு மிஞ்சியது அந்த வித்தை ஒன்றுதான்.

யாழ்ப்பாணத்தில் எங்கே இறக்கம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மாரி மழைக்குள் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பலாலி வீதி நெடுக நடந்து, வெள்ளம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து வைத்திருந்தார் அந்த மனிதர். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவுகளெல்லாம் அவருடைய காலுக்குத் தெரியும். கொஞ்சம் வேகம் எடுத்ததும் சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்துவார். கார் சத்தமில்லாமல் உருளும். வண்டில்காரன் முந்தப் பார்க்கிற அளவுக்கு வேகம் குறைந்ததும் சாவியைப் போட்டு, மேல் கியரிலேயே கிளச்சை விடுவார். இஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கிப் பிடிக்கும். அது முக்கினாலும் முனகினாலும் கியரை இறக்கமாட்டார். எண்ணெய் வருகிற வாயையும் திருகி ஒடுக்கி வைத்திருந்தார்.

இது கஞ்சத்தனம் இல்லை. தன் வீட்டில் அவர் ஓட்டைக் கை. அவர் மிச்சம் பிடித்ததெல்லாம் பிறத்தியாருடைய எண்ணெயை. ஒரு வீட்டில் விளக்குக்கென்று வைத்திருக்கிற எண்ணெயைத்தான் காருக்குள் ஊற்றுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடவேண்டும் என்பார். இல்லாத வீட்டுக்காரர் அவரைத்தான் தேடி வந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் நேசையா. தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், மெதடிஸ்த சபைக்காரர், சட்டையின் மேல் பொத்தானையும் பூட்டுகிற மனிதர். அவருடைய மனைவி வினிபிரட், மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்தவர். ஊருக்கே அவர் “ரீச்சர்”. ரீச்சருக்குத் தொய்வு வருத்தம், மூச்சு இழுக்கும். பனிக்காலத்தில் கூடும், செம்மண் புழுதி கிளம்பினால் கூடும். இழுப்புத் தொடங்கினால் ஊசி போட்டு, காஸ் பிடித்தால்தான் இறங்கும். அதற்கு யாழ்ப்பாணம் பெரியாசுப்பத்திரிக்குப் போகவேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில். இரண்டு கிழடுகளும் விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் செபம் சொல்லி, மிச்சம் பிடித்த எண்ணெயைப் போத்தலில் அடைத்துக் காருக்கென்று வைத்திருந்தார்கள். அதை அறிந்த நாளிலிருந்து ஏரம்பர் அந்த வீட்டு ஓட்டத்தில் முன்னையிலும் பார்க்க இறுக்கிப் பிடித்தார். மற்றவர்களுக்கு மூன்று இடத்தில் உருட்டினால் ரீச்சருக்கு ஏழு இடத்தில் உருட்டினார். திரும்பி வந்து நேசையாவின் போத்தலுக்குள் கால்வாசிக்கு மேல் வடித்துக் கொடுக்கிறபோது அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

“மெத்தப் பெரிய உபகாரம், ஏரம்பு” என்பார் நேசையா. “உம்மடை கார் இல்லாட்டி நாங்கள் என்ன செய்வம்?”

ஒரு விஷயம் மட்டும் இருந்தது. வீட்டில் ஏறும்போது இழுப்போடு ஏறுகிற ரீச்சர், ஆசுப்பத்திரியில் இறங்கும்போது உதடு கறுத்து, கண் மேலே செருகி, தாங்கிப் பிடித்து இறக்கவேண்டிய நிலையில் இருப்பார். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். நேரத்துக்குக் கொண்டு வந்தது நல்ல காலம் என்று ஆசுப்பத்திரியில் சொல்வார்கள். ஏரம்பரும் நல்ல காலம் என்றுதான் நினைத்தார். வருத்தம் வழியில் கூடிவிட்டது என்று எல்லாரும் நம்பினார்கள். வருத்தம் வழியில் ஏன் கூடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு வைகாசியில் ஒருநாள் காலையில், கோப்பாய் றோட்டுக் கிறிஸ்துநாயகத்தின் மொறிஸைப் பழுது பார்க்க ஏரம்பர் போயிருந்தார். நாயகம் இளந்தாரி. ஏரம்பரைக் குரு என்று சொல்லாத குறையாகப் பின்னால் திரிந்து, உருட்டுகிற வித்தை முழுவதையும் படித்தவன். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க எதையோ தொடப்போன ஏரம்பரின் கையைக் காற்றாடி வெட்டிவிட்டது. எலும்பு தெரிகிற வெட்டு. நாயகம் தன் இடுப்புச் சாரத்தைக் கிழித்துச் சுற்றி, ஏரம்பரின் ஒஸ்ரினிலேயே அவரைப் பின் சீற்றில் சாய்த்து, கையை உயர்த்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தான்.

“பயப்பிடாதேங்கோ அண்ணை. தகரத்துக்குள்ளை அரைப் போத்தில் தான் கிடக்கு. எண்டாலும் உங்கடை முறையிலை ஓட்டினால் போதும்.”

“ஓமடா, உருட்டு, உருட்டு” என்றார் ஏரம்பர் வலிக்குள்ளும் பெருமையாக.

அந்தக் காரை வாங்கிய நாள் முதல் அவர் அதன் பின் சீற்றில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. சொந்தக் காரின் பின் சீற்றில் எந்தக் கார்க்காரன் இருக்கிறான்? கோண்டாவிலுக்குக் கிட்ட நாயகம் முதல் முறை இஞ்சினை நிறுத்தி உருட்டினான். நன்றாகத்தான் உருட்டினான். பிறகு கிளச்சை விட்டான். இஞ்சின் குலுக்கிப் பிடித்த அந்த நிமிடம் காரின் பின் பெட்டிப் பக்கமிருந்து ஒரு வெள்ளைப் புகை எழும்பி, சீற்றுக்குப் பின்னால் இருந்த இடுக்கு வழியாக ஏரம்பரின் முகத்தில் வந்து கவிந்தது. கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. தொண்டைக்குள் மண்ணெண்ணெயைக் கரண்டியால் ஊற்றியது போல இருந்தது. இருமினார். இருமி முடிப்பதற்குள் அடுத்த உருட்டல், அடுத்த புகை. முன்னால் நாயகம் யன்னல் காற்று முகத்தில் பட, ஒன்றும் தெரியாமல் சீழ்க்கையடித்துக்கொண்டு போனான்.

தின்னவேலிச் சந்தைக்கு வரும்போது ஏரம்பர் கையை மறந்துபோனார். அவருடைய தலைக்குள் ரீச்சர் மட்டும்தான் இருந்தார். இதே சீற்றில், இதே மூலையில், தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருக்கிற ரீச்சர். சாதாரண நெஞ்சுள்ள தனக்கே இப்படியென்றால், மூச்சுக்குத் தவிக்கிற மனுசிக்கு என்ன பாடு? அவருக்கு வந்த அழுகையைக் கை வலி என்று நாயகம் நினைத்துக்கொண்டான்.

கையில் தையல் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்த நாட்களில் அவர் அதையே நினைத்தார். குறையக் குடித்தால் குறையத்தானே புகைக்கவேண்டும், அதுதானே உலக நியாயம். ஆனால் மண்ணெண்ணெய்க்கு வேறு நியாயம். பெற்றோல் மாதிரி அது லேசில் எரியாது, நல்ல சூடு வேண்டும். நிறுத்தி நிறுத்தி உருட்டுகிறபோது இஞ்சின் ஆறிப்போகிறது. ஆறின இஞ்சினுக்குள் போகிற எண்ணெய் பாதி எரிந்தும் எரியாமலும் புகையாக வெளியே வருகிறது. மேல் கியரில் முக்கவிட்டால் இன்னும் மோசம். அவர் மிச்சம் பிடித்தது உண்மைதான். செலவான கொஞ்ச எண்ணெயும் எரியாமல் ரீச்சரின் நெஞ்சுக்குள் போனது என்பதும் உண்மைதான். இரக்கப்பட்டு ஏழு இடத்தில் உருட்டியதை நினைக்க நினைக்க அவருக்குத் தன் காலையே வெட்டி எறியலாம் போல இருந்தது.

கை ஓரளவு ஆறியதும் முதல் வேலையாகப் பின் பெட்டியைத் திறந்து பார்த்தார். மூடியைச் சுற்றியிருந்த றப்பர் உக்கித் தூளாகிப்போயிருந்தது. சைலன்சரில் கறல் பிடித்து ஓட்டை. புது றப்பரும் புதுச் சைலன்சரும் அரசாங்கத் தடையால் வவுனியாவுக்கு அங்காலேயே நின்றுவிட்ட காலம். சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டினார், சாக்கை அடைத்தார், தகரத்தைச் சுற்றிக் கம்பியால் கட்டினார். கொஞ்சம் குறைந்தது. முற்றாக நிற்கவில்லை. யன்னலைத் திறந்தால் புகை இன்னும் உள்ளே இழுபட்டது. நிறுத்தாமல், கியரைக் குறைத்து, இஞ்சினைச் சூடாகவே வைத்து ஓட்டிப் பார்த்தபோதுதான் புகை இருந்த இடம் தெரியாமல் போனது. ஆனால் அப்படி ஓட்டினால் மற்றவர்களின் காரைப் போல ஒஸ்ரினும் இரண்டு போத்தல் கேட்டது.

அடுத்த முறை நேசையா ஒரு போத்தலோடு வந்து நின்றார். அவர் ஊற்றுவதற்கு முன்னமே ஏரம்பர் தன் வீட்டு எண்ணெயை ஒன்றேகால் போத்தல் தகரத்துக்குள் விட்டிருந்தார். அன்றைக்கு ஓர் இடத்திலும் உருட்டவில்லை. பிள்ளையைத் தொட்டிலில் கொண்டுபோவது போல ஓட்டினார். வழியில் ரீச்சர் மெதுவாகச் சொன்னார்:

“இண்டைக்குக் கார் மணக்கேல்லை, ஏரம்பு.”

ஆசுப்பத்திரியில் ரீச்சர் தன் காலாலேயே இறங்கி நடந்தார். நேசையா வானத்தைப் பார்த்து, “கர்த்தருக்குத் தோத்திரம்” என்றார். ஏரம்பரும் தன் பங்குக்கு இணுவில் கந்தனைக் கும்பிட்டார். திரும்பி வந்து வடித்தபோது, நேசையா ஊற்றியதில் கால்வாசி வழக்கம் போலவே கிடந்தது. கிடக்கும்படி பார்த்துக்கொண்டவர் ஏரம்பர்தான்.

இப்படி இரண்டு ஓட்டம் ஓடினார். அதற்கு மேல் அவருடைய வீட்டில் எண்ணெய் இல்லை. அவருடைய மனைவி இரத்தினம்மா இருட்டுக்குள் அரிவாளில் விரலை வெட்டிக்கொண்டு, “இஞ்சாருங்கோ, ஊருக்கு விளக்கேத்திறது சரி. எங்கடை குசினியிலை ஒரு திரிக்காவது விடுங்கோவன்” என்றாள். அவள் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வேறு வழியில்லாமல் நேசையாவிடம் போனார். வாங்குப் பலகையின் நுனியில் இருந்துகொண்டு, விரலை முறித்து முறித்துச் சொன்னார்.

“ஐயா, இனி ரண்டு போத்தில் வேணும்.”

நேசையாவின் முகம் மாறியது. “ஏன் ஏரம்பு? போன மாதம் வரைக்கும் ஒண்டு போதுமாயிருந்ததே. மிச்சமும் வந்ததே.”

“அது புகை, ஐயா. நான் நிப்பாட்டி நிப்பாட்டி உருட்டிறதாலை புகை உள்ளுக்கை வருது. ரீச்சரின்ரை நெஞ்சுக்கு அது தான் கூடாமல் இருக்கு. நிப்பாட்டாமல் ஓட்டினால் புகை இல்லை. ஆனால் எண்ணெய் கூடப் போகும்.”

“கூட எண்ணெய் எரிச்சால் கூடப் புகை தானே வரும்? நீர் மாறிச் சொல்லுறீர்.”

ஏரம்பரும் இத்தனை நாளாக அப்படித்தானே நினைத்திருந்தார். “பின் சீற்றிலை ஒருக்கால் இருந்து பாருங்கோ ஐயா. கோண்டாவில் மட்டும் போய் வருவம். நான் பழைய மாதிரி ஓட்டிக் காட்டிறன்.”

“புகையை மணந்து பாக்கிறதுக்கு எண்ணெய் எரிக்கிறதோ?” என்றார் நேசையா. நியாயமாகத்தான் கேட்டார். அந்த எண்ணெய்க்காக எத்தனை இரவு இருட்டில் இருந்தார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

“அப்ப ரீச்சரை முன் சீற்றிலை இருத்துங்கோ. முன்னுக்குப் புகை இல்லை.”

உள்ளே கட்டிலில் இருந்த ரீச்சர் அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “சீ, அதெல்லாம் சரிவராது, ஏரம்பு. பொம்பிளை றைவருக்குப் பக்கத்திலை இருந்து போறதோ? சனம் என்ன கதைக்கும்?” மூச்சுக்குத் தவிக்கிற மனுசிக்கும் சனத்தின் வாய்தான் பெரிதாக இருந்தது. எங்கள் ஊரில் பெண்கள் பின் சீற்றில், ஆண் பிள்ளை முன் சீற்றில். காரில் அப்படித்தான், சாமி கும்பிடப் போனாலும் அப்படித்தான், சாகப் போனாலும் அப்படித்தான்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எண்ணெய் குடிக்காத கார்க்கார ஏரம்பு இப்போது இரண்டு போத்தல் கேட்கிறாராம் என்ற கதை சங்கக் கடை வரிசையில் தொடங்கி, உரும்பிராய்ச் சந்தியைத் தாண்டிக் கோப்பாய் வரை போய்விட்டது. அவர் காரணம் சொன்னதையும் புகையைச் சொன்னதையும் வழியில் எங்கேயோ விட்டுவிட்டார்கள். “எண்ணெய்க்கு இருக்கிற விலையிலை ஆருக்குத்தான் ஆசை வராது?” என்றார்கள். நோயாளியின் விளக்கெண்ணெயில் கை வைக்கிறான் என்றார்கள். அத்தனை வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த நல்ல பேரை ஒரே கிழமையில் காலி செய்தார்கள். அவரிடம் மிச்சம் வாங்கிக்கொண்டு போய் விளக்கு ஏற்றியவர்கள்தான் அதிலும் முன்னுக்கு நின்றார்கள். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றி எரிகிறது.

நேசையா அப்படிக் கதைக்கிற மனிதர் இல்லை. வீட்டு வாசலில் வந்து நின்று, ஏரம்பரின் முகத்தைப் பார்க்காமல், “கை சுகமாகிற வரைக்கும் நீர் ஆறுதலாய் இரும், ஏரம்பு. நாயகத்தின்ரை மொறிஸைப் பிடிக்கிறம்” என்று சொல்லிவிட்டுப் போனார். கை எப்போதோ சுகமாகியிருந்தது.

ஏரம்பர் அன்றைக்கே நாயகத்திடம் போனார்.

“தம்பி, ரீச்சரைக் கொண்டு போகேக்கை உருட்டாதை. இஞ்சினை ஓடவிடு. உன்ரை மொறிஸிலை அடித்தகடும் உக்கிப் போச்சு. புகை கட்டாயம் உள்ளுக்கை வரும்.”

“அண்ணை, நீங்கள் தானே எனக்கு இந்த உருட்டலைப் பழக்கினனீங்கள். இப்ப ஓட்டம் எனக்கு வந்தவுடனை கூடாதெண்டுறியள்.”

“நான் பொறாமையிலை சொல்லேல்லை, நாயகம்.”

“நீங்கள் அப்பிடிச் சொல்லமாட்டியள், தெரியும். ஆனால் அவர் ஒரு போத்தில் தானே ஊத்திறார்? உருட்டாட்டி தின்னவேலியிலை காரை விட்டிட்டு, நான் ரீச்சரைத் தோளிலை தூக்கிக் கொண்டு போறதோ? நீங்களே சொல்லுங்கோ, நான் என்ன செய்ய?”

இரண்டாவது போத்தல் நாயகத்திடமும் இல்லை, அவரிடமும் இல்லை. எண்ணெய் இருந்தால் புகை இல்லை. எண்ணெய் இல்லாவிட்டால் புகை. இரண்டும் வேண்டாமென்றால் ஆசுப்பத்திரி இல்லை. எப்படித் திருப்பிப் போட்டாலும் கணக்கு அங்கேயே வந்து நின்றது. மொறிஸின் அடித்தகட்டுக்கு ஒரு சாக்கைத் துண்டாவது வைத்து அடைப்போம் என்று குனிந்தார். நாயகம் மறுக்கவில்லை, அவனும் வந்து பிடித்தான்.

மார்கழிப் பனி வந்தது. ஒருநாள் பின்னேரம் ஏரம்பர் சந்தியில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றபோது மொறிஸ் வந்தது. முன் சீற்றில் நேசையா, மேல் பொத்தான் பூட்டியபடி. பின் சீற்றில் ரீச்சர், நெற்றியை முன் சீற்றின் முதுகில் முட்டுக் கொடுத்து, தோள்பட்டை ஏறி ஏறி இறங்க. சந்திச் சரிவில் மொறிஸ் சத்தமில்லாமல் உருண்டு போனது. ஏரம்பர் கண்டுபிடித்த சரிவு அது, நாயகம் அதைச் சரியாகப் பயன்படுத்தினான். சந்தி தாண்டியதும் இஞ்சின் குலுக்கிப் பிடித்து, வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு போனது.

அவருக்கு என்ன வந்ததோ தெரியாது, சைக்கிளில் ஏறி மிதித்தார். “ரீச்சரை முன்னுக்கு இருத்தடா! நாயகம், நிப்பாட்டாதை! ஓடவிடு!” என்று கத்தினார். ஐம்பது வயது தாண்டிய ஆள், சாரம் பறக்க, பைத்தியக்காரனைப் போல. உருளுகிறபோது மொறிஸை எட்டிப் பிடிக்கிற அளவுக்கு வந்துவிடுவார். இஞ்சின் பிடித்ததும் புகை அவருடைய முகத்திலேயே அடிக்கும், கார் போய்விடும். கண்ணாடிக்குள் நாயகம் அவரைக் கண்டிருப்பான். நின்று கேட்க அவனுக்கு நேரமில்லை. நின்றால் மறுபடியும் எடுக்க எண்ணெய் வேண்டும். கோண்டாவிலில் ஏரம்பர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, றோட்டோரத்தில் குந்தியிருந்து இருமினார். இருமி முடிந்தும் எழும்பவில்லை.

ரீச்சர் ஆசுப்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு இழுப்பு இறங்கவில்லை. விடிவதற்கு முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது.

செத்த வீட்டுக்கு ஏரம்பர் போனார். போகாமல் இருக்க அவரால் முடியவில்லை. முற்றத்துப் பந்தலுக்குள் வாங்குகளில் ஊர்ச் சனம் இருந்தது. அவரைக் கண்டதும் கதை நின்று, பிறகு தாழ்ந்த குரலில் தொடர்ந்தது. அவர் ஒரு மூலையில் போய் நின்றார். நேசையா அவரைக் கண்டு, தானாகவே எழும்பி வந்தார். சட்டையின் மேல் பொத்தான் பூட்டியிருக்கவில்லை. ஏரம்பரின் கையை, தையல் தழும்புள்ள அந்தக் கையை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஏரம்பு, நீர் எனக்குச் சொன்னனீர். ரண்டு போத்தில் வேணும், புகை அவளுக்குக் கூடாதெண்டு சொன்னனீர். வழியிலை அவள் இருமிக்கொண்டு என்ரை தோளைத் தட்டினவள். நான், கொஞ்சம் பொறும், வந்திட்டம் எண்டு சொல்லிப்போட்டு இருந்தன்.” பிடித்த கையை இன்னும் இறுக்கினார். “எனக்கு உண்மையைச் சொல்லும். நீர் சொன்ன மாதிரி எண்ணெயை ஊத்தி, உம்மடை காரிலை கொண்டு போயிருந்தால், அவள் தப்பியிருப்பாளோ?”

பந்தல் முழுவதும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அவரைக் கள்ளன் என்று சொன்ன வாய்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன. ஒரு சொல் சொன்னால் போதும், போன பேர் முழுவதும் திரும்பி வந்துவிடும். மாதக்கணக்காக அவர் தொண்டைக்குள் வைத்திருந்த சொல்தான் அது. ஏரம்பர் நேசையாவின் முகத்தைப் பார்த்தார். இந்த மனிதன் இனி எத்தனை இரவு தனியாக இருட்டில் இருக்கப்போகிறான் என்று நினைத்தார்.

“இல்லை ஐயா” என்றார். “ரீச்சருக்கு வருத்தம் முத்திப் போச்சு. எந்தக் காரிலை கொண்டு போயிருந்தாலும் இது தான் நடந்திருக்கும். புகைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.”

“அப்ப நீர் அண்டைக்குச் சொன்னது?”

“அது…” ஏரம்பர் நிலத்தைப் பார்த்தார். “அது நான் எண்ணெய்க்காகச் சொன்னது, ஐயா.”

வாங்கில் யாரோ “ம்” என்றார்கள். நேசையா நீளமாக ஒரு மூச்சு விட்டார். அவருடைய முகம் தளர்ந்தது. எத்தனையோ முறை உண்மையைச் சொல்லியும் நம்பாத மனிதர், இந்த முறை ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பினார். பிடித்திருந்த கையை மெதுவாக விட்டார்.

“பறவாயில்லை, ஏரம்பு. கர்த்தர் உம்மை மன்னிப்பார்.”

“ஓம், ஐயா” என்றார் ஏரம்பர்.